கைக்கு எட்டும் உயரத்தில்

கால் நன்றாக இருக்கிற ஒரு பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மேலகரம் குளக்கரை நடைபாதையில் தன்னைத்தானே உருட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும்? பேசியது. அந்தப் பெண் என் மனைவி ஆனந்தவள்ளி. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நாற்காலி அங்கே இரவல் வாங்கியது. பின்னால் நடந்து போன எனக்குத்தான் மானம் போயிற்று. "என்ன செல்லச்சாமி அண்ணாச்சி, மதினி கீழ விழுந்துட்டாவளா?" என்று கேட்காத ஆள் இல்லை.

"நல்லாத்தான் இருக்கா. வெளையாடுதா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

விளையாட்டுதான். ஜியோகேச்சிங் என்று பெயர். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் ஃபோனை வைத்துக்கொண்டு தேட வேண்டும். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரைபடத்தைப் பார்த்து இடத்தைத் தேடுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இவள் சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டுத் தேடுகிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த சிப்பாய்களில் பாதிப் பேருக்கு ஆனந்தவள்ளியின் ஒழுங்கு கிடையாது. அவள் பையில் எப்போதும் ரெண்டு பேனா இருக்கும். பெட்டிக்குள் இருக்கிற பேனா எழுதாது என்பது அவள் அனுபவம். சுருட்டி வைத்த தாளை உருவ ஒரு இடுக்கி. பொந்துக்குள் கை விடுமுன் போட்டுக்கொள்ள உறை. புதுச் செருப்பு டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வீட்டில் யாரும் தூக்கிப் போடக் கூடாது. குற்றாலச் சாரல் காற்றில் தாள் கஞ்சியாகிவிடும், அதற்கு அது வேண்டும். பெட்டியில் இருக்கும் பொம்மையை எடுத்தால் அதற்குக் குறையாத ஒன்றை வைக்க வேண்டும். புதைக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பார்க்க ஆளில்லாத இடத்திலும் ஒழுங்காக இருக்கிற அவளைக் கண்டால் எனக்குக் கோபமும் வரும், பெருமையும் வரும்.

குளக்கரையில் அவள் வைத்தது அவளுடைய முதல் பெட்டி. கறுப்பு டேப் சுற்றிய, உள்ளங்கை அளவு டப்பா. அடியில் காந்தம். நடைபாதைக் கம்பி வேலியின் கீழ்க் குழாய்க்கு அடியில், சாய்தளம் முடிகிற இடத்தில் ஒட்டியிருந்தது. பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கித்தான் வைத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் போகிற வழி எவ்வளவு கடினம் என்று மதிப்புப் போட வேண்டுமாம். அவள் ஒன்று என்று போட்டாள். ஒன்று என்றால், சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் உதவியும் இல்லாமல் போய் எடுக்கலாம் என்று பொருள். அதைச் சும்மா எப்படிப் போடுவது என்றுதான் பங்குனி வெயிலில் அந்த நாற்காலிச் சவாரி.

ஆடிச் சாரல் பிடித்த சமயம் கோவில்பட்டியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜெயபிரியா என்ற பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனந்தவள்ளி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"அக்கா, ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். இதே மாதிரி நம்பிப் போன ஒரு இடத்தில் படி இருந்தது. இன்னொன்றில் மணல். மற்றொன்றில் நல்ல மனிதர் ஒருவர் பெட்டியை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டார். தாளில் பெயர் எழுத எனக்கு மனசு வரவில்லை. நானாகக் கையால் எடுத்தது இதுவரை ஒன்றுகூட இல்லை. உங்களுடையது நிஜமாகவே ஒன்றுதானா?"

"நிஜமாகவே ஒன்றுதான். வாங்க" என்று இவள் பதில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அந்தப் பெண் எழுதினாள்.

ஞாயிறு காலை, அவள் வருமுன் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று போனோம். போனால், பங்குனியில் காலியாகக் கிடந்த நடைபாதையில் சீசன் கடைகள் முளைத்திருந்தன. சாய்தளத்தின் வாயிலேயே ஒரு பழக்கடை. மங்குஸ்தான், ரம்புட்டான் பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஆனந்தவள்ளி குனிந்து குழாய்க்கு அடியில் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

"காணும்ங்க" என்றாள்.

பழக்கடைக்காரம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சம்மாள் என்று பெயர். "என்னத்தத் தேடுதிய?" என்று கேட்ட குரலில் ஒரு மாதிரி நடுக்கம் இருந்தது.

"கறுப்பா ஒரு சின்ன டப்பா, யக்கா."

பிச்சம்மாள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "அப்பம் நீங்கதான் வச்சியளா? நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? மூணு பிள்ளைய வச்சிக்கிட்டு நாலு பழம் வித்துப் பொழைக்கேன். எனக்குப் போயி செய்வினை வைக்கியளே, நல்லா இருப்பியளா?"

எனக்கு முதலில் புரியவில்லை. கறுப்பு டேப், காந்தம், குலுக்கினால் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம், அதுவும் கடையை ஒட்டியே. மலையாளத்து மாந்திரீகம் என்று முடிவு கட்டிவிட்டார். பக்கத்துக் கடைக்காரிதான் வைத்தாள் என்று அவளோடு பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தார். டப்பாவை முறத்தில் ஏந்திக் கொண்டுபோய், குளத்துக்குப் பின்னால் இருக்கிற சுடலைமாடன் பீடத்தில் போட்டு, மேலே அறுத்த எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"தொறந்து பாக்கலியா?" என்று கத்தினேன்.

"செய்வினையத் தொறந்து பாக்க எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

நியாயமான பதில். எனக்குக் கோபம் வந்தது. "வேற டப்பா வாங்கி எங்கனயாவது ஒட்டிட்டுப் போவோம், வா" என்றேன். ஆனந்தவள்ளி என்னைப் பார்க்கவே இல்லை. நேரே பீடத்துக்குப் போனாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள், குங்குமம் அப்பிய டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பிச்சம்மாளின் எதிரிலேயே திறந்தாள். பிச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு பிளாஸ்டிக் ஆந்தை. ரெண்டு கோலிக்குண்டு. சோழி ஒன்று. சுருட்டிய தாளில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். அவ்வளவுதான்.

"இது ஒரு வெளையாட்டு, யக்கா. தப்பு என் மேலதான். ஆபீஸ்ல கேட்டேன், இங்கன பொழைக்கிற ஆள்கிட்ட கேக்கல. டப்பா மேலயே இன்னதுன்னு எழுதியிருக்கணும், உள்ள எழுதி வச்சிட்டேன். நீங்க பயந்தது சரிதான்" என்றாள் ஆனந்தவள்ளி. பிறகு கரையில் உட்கார்ந்து விளையாட்டை முதலிலிருந்து சொன்னாள்.

"கண்டுபிடிச்சா என்ன குடுப்பிய?"

"ஒண்ணும் கெடையாது. பேரு எழுதலாம்."

"ஒண்ணும் கெடையாதா?" பிச்சம்மாள் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா இருக்கேன்" என்றேன்.

பழைய இடத்தில் டப்பாவை ஒட்டிக்கொள்ளப் பிச்சம்மாள் சம்மதித்தார். ஆனால் பழப்பெட்டிகளை நகர்த்த முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அருவியில் குளித்துவிட்டு வரும் கூட்டம் இறங்குகிற நேரம், சீசனே நாலு ஞாயிறுதான், கடை மறைந்தால் வியாபாரம் போச்சு. அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனந்தவள்ளி கெஞ்சவில்லை. ஃபோனை எடுத்தாள்.

"ஜெயபிரியா, எங்க இருக்கீங்க? கடையநல்லூர் தாண்டிட்டீங்களா? மன்னிச்சிருங்கம்மா. வழியில கடை போட்டிருக்காங்க. இப்ப இதோட மதிப்பு ஒன்று இல்லை. சீசன்ல ஒருதரம் வந்து பாக்காம மதிப்புப் போட்டது என் தப்பு. நாங்க தூக்கி விடுறோம்னு சொல்ல மாட்டேன், நீங்க அதுக்கு வரலைன்னு தெரியும். மதிப்பை மாத்திடுறேன்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, ஆனந்தவள்ளியின் கண் கலங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை என்றால்கூட இப்படிக் கலங்க மாட்டாள்.

பிச்சம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். "யாரு அது? தூக்கி விடுததுன்னா?"

ஆனந்தவள்ளி சொன்னாள். நாற்காலி, படி, மணல், மடியில் வைத்த பெட்டி, எல்லாவற்றையும்.

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? அவ்வளவு தூரம் வந்த பிள்ளையத் திரும்பிப் போன்னு சொல்லுதியளே, இது நல்லா இருக்கா?" பிச்சம்மாள் சேலையை இழுத்துச் செருகினார். "ஃபோனப் போட்டு வரச் சொல்லும்மா. அண்ணாச்சி, அந்தப் பெட்டிய இப்பிடி இறக்கும். பாத்து, பழம் நசுங்கிரும்."

நான் இறக்கினேன். ஒரு வாரமாகப் பேசாமல் இருந்த பக்கத்துக் கடைக்காரியும் வந்து கை கொடுத்தாள்.

ஜெயபிரியா தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கையால் இயக்குவது. பின் சீட்டிலிருந்து நாற்காலியை இழுத்து, விரித்து, தன்னை அதில் மாற்றிக்கொண்டாள். எங்களுக்கு ஒரு வணக்கம். பிறகு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சாய்தளத்தில் ஏறினாள். ஆனந்தவள்ளி என்னை இழுத்துக்கொண்டு போய்க் கடை நிழலில் உட்காரவைத்தாள். "வாயத் தொறக்காதிய. கண்ணாலயும் காட்டாதிய."

"கண்ணால எப்பிடிக் காட்டுவேன்?"

"இப்பமே அந்தக் கம்பியத்தான் பாத்துக்கிட்டு இருக்கிய."

நான் தலையைத் திருப்பி மலையைப் பார்த்தேன். மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

ஃபோன் காட்டும் அம்புக்குறி ஆளை நேரே பெட்டிக்குக் கொண்டு போகாது. ஐந்தாறு மீட்டர் அங்கேயும் இங்கேயும் அலையும். மேலே மரக்கிளை அடர்ந்திருந்தால் இன்னும் மோசம். அதற்குப் பிறகு புத்தியால்தான் தேட வேண்டும். ஜெயபிரியா முதலில் மரத்தடிக்குப் போனாள். பெஞ்சின் அடியைப் பார்த்தாள். பையிலிருந்து நீட்டி மடக்குகிற ஒரு குச்சியை எடுத்தாள், நுனியில் வட்டக் கண்ணாடி. செக்போஸ்ட்டில் வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்ப்போமே, அதன் குட்டி. குனிய முடியாத இடத்தையெல்லாம் அந்தக் கண்ணாடி அவளுக்குக் காட்டியது. என்ன கெட்டிக்காரத்தனம் என்று நான் வாயைப் பிளந்தேன்.

டப்பா இருந்த குழாய்க்குப் பக்கத்தில் வந்தாள். கடந்து போய்விட்டாள். பிச்சம்மாள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "போயிட்டாளே அண்ணாச்சி, போயிட்டாளே" என்று காற்றுக் குரலில் சொன்னார். திரும்பி வந்தாள். மறுபடியும் கடந்தாள். சாரல் வலுத்தது. நாற்காலியின் முன்சக்கரம் நடைபாதை ஓரத்து ஈரமண்ணில் இறங்கிச் சிக்கிக்கொண்டது.

என் கால் தானாக எழுந்தது. ஆனந்தவள்ளி என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். பார்த்தால் அவளே பாதி எழுந்திருந்தாள். ஓடிப்போய்ப் பிடிக்க என்னைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அருவியில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்த ஒரு மனிதருக்கு இதெல்லாம் தெரியாதே. "இரும்மா, இரும்மா, நான் தள்ளி விடுதேன்" என்று நல்ல மனசோடு ஓடினார். நாற்காலியின் பிடியைத் தொடப் போனவரைப் பிச்சம்மாளின் குரல் நிறுத்தியது.

"வே! கைய எடும்வே! அவ உம்மக் கூப்பிட்டாளா?"

மனிதர் பதறிப் பின்னால் நகர்ந்தார். ஜெயபிரியா திரும்பிப் பழக்கடையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு உதறு உதறித் தானே வெளியே வந்தாள். அப்படிச் சாய்ந்தபோதுதான் போலும், விழாமலிருக்கக் கை கம்பியைப் பிடித்தது. பிடித்த கை கீழ்க் குழாய்க்கு நகர்ந்தது. நின்றது.

கண்ணாடியை நீட்டவில்லை. அவசரப்படவில்லை. சுற்றிலும் யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்தாள். வெளியாளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும் என்பது விளையாட்டின் மரியாதை. நாங்கள் மூவரும் மலையைப் பார்த்தோம். டக் என்று காந்தம் விடுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

டப்பா அவள் உள்ளங்கையில் இருந்தது. குங்குமம் அப்பியபடி.

அப்போது பிச்சம்மாள் குலவை போட்டார். கோயில் கொடை விழாவில் சாமி இறங்கும்போது போடுவார்களே, அதே குலவை. பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்துகொண்டாள். சோளம் சுடுகிறவர் திரும்பினார், வேனிலிருந்து இறங்கிய கூட்டம் திரும்பியது. துண்டு கட்டிய மனிதர் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார்.

"யக்கா, ரகசியம்! ரகசியம்!" என்று ஆனந்தவள்ளி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அவளும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெயபிரியா தாளை விரித்து மடியில் வைத்து எழுதினாள். எழுத நெடுநேரம் ஆனது. தன் பெயரை மட்டும்தான் எழுதினாள் என்று பிறகு பார்த்தேன்.

ஊருக்கே தெரிந்துபோன இடத்தில் இனிப் பெட்டி இருக்க முடியாது. வேறு இடம் பார்க்க வேண்டும் என்று ஆனந்தவள்ளி அன்றைக்கே சொன்னாள். இந்தத் தடவை மதிப்புப் போட ஜெயபிரியாவே வருகிறாள். பிச்சம்மாள் இப்போதே ரெண்டு இடம் சொல்லியிருக்கிறார். நான் நாற்காலி இரவல் கேட்கப் போய்க்கொண்டிருக்கிறேன். ஜெயபிரியா வருமுன் அந்த ரெண்டு இடத்தையும் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை உட்காரப் போவது நான். ஊர் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.