கேட்கலாம், பேசக் கூடாது

கேட்பதற்கு அனுமதி வந்து வெகுநாள் ஆகிவிட்டது. பேசுவதற்குத்தான் வரவில்லை.

நிலையத்தின் பின்பக்கம், சிமெண்டு மேடையில் புதிதாக நிற்கும் வெள்ளை டிஷ்ஷைப் பற்றிய பேச்சு இது. மூன்று பேர் தலைமாடு கால்மாடாக வரிசையாய்ப் படுத்தால் கொள்ளும் அகலம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரை நிலையத்தில் எல்லோரும் ‘டிஷ்ஷக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட.

நிலையத்தின் வேலை, கடலுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகளின் பள்ளிகளுக்குப் பாடம் அனுப்புவது. பாடம் இங்கிருந்து, பக்கத்தில் நிற்கும் பழைய டிஷ் வழியாக, மேலே போகும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிப்பதால், வானத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல அசையாமல் தெரியும் ஒரு செயற்கைக்கோள் அதை வாங்கித் தீவுகளின் மேல் மழைபோலத் தூவும். அந்தக் கோளுக்கு வயதாகிவிட்டது. எரிபொருளின் கடைசி மிச்சத்தை வைத்து அதை இன்னும் மேலே தள்ளி, மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுக்கப்போகிறார்கள். அடுத்த வாரம்.

தீவுகளின் மேல் தூவக்கூடிய வேறு கோள் நம் நாட்டுக்கு இல்லை. வேறொரு நாட்டுக்கு இருந்தது. வாடகைக்கு இடம் தரவும் தயாராக இருந்தார்கள். ஆனால் வானத்தில் நிற்கும் ஒவ்வொரு கோளும் ஏதோ ஒரு நாட்டின் உரிமத்தில், அதன் பொறுப்பில் நிற்கிறது. எந்த இடம், எந்த அலைவரிசை, அக்கம்பக்கத்தாரோடு என்ன உடன்பாடு என்பதையெல்லாம் அந்த நாடு பார்த்துக்கொள்கிறது. நம் தரையில் நிற்கும் டிஷ் அதோடு பேச வேண்டுமென்றால், நம் நாட்டின் அனுமதி அலுவலகம் அந்தக் கோளைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிப்பதுபோல விசாரித்து, இந்த டிஷ், இந்தக் கோள், இந்த அலைவரிசை என்று முடிச்சுப் போட்டு அனுமதி தர வேண்டும். கேட்பதில் சிக்கல் இல்லை, கேட்பதால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. பேசுவதுதான் சிக்கல். டிஷ் வாய் திறந்தால் அது யார் யார் காதில் விழும் என்று சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அந்தச் சோதனை இன்றைக்கு. அயல்நாட்டுக் கட்டுப்பாட்டு அறை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. தவறினால் அடுத்த வாய்ப்பு மாதக் கடைசியில்தான். அதற்குள் பழைய கோள் போய்விடும், தீவுகளில் திரை இருண்டுவிடும். கடைக்கோடித் தீவின் பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்துகிறவர் டிஷ்ஷக்காவின் கணவர். அங்கே அவர் ஒருவர்தான் ஆசிரியர். கணக்கும் அறிவியலும் வானத்திலிருந்துதான் வரவேண்டும். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க, புது டிஷ்ஷோட டிவியைப் போட்டு வச்சிருக்கீங்களா?” என்று போனில் கேட்டாள்.

“போட்டாச்சு. சிக்னல் இல்லைன்னு ஒரு படம் ஓடுது. கதை ரொம்ப அருமை. பசங்க கண்ணு கொட்டாம பாக்குறாங்க.”

“கிண்டலா? இன்னும் கொஞ்ச நேரத்துல பாருங்க.”

“அதையேதான் போன மாசமும் சொன்ன.”

அனுமதி அலுவலகத்து ஆய்வாளர் ஒரு நாற்காலியை அவளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டீ வேண்டாம் என்றுவிட்டார். சோதனை முடியும்வரை இந்த நிலையத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம்.

“லஞ்சம்னு யாரும் சொல்லமாட்டாங்க சார், வெறும் டீ,” என்றார் ஜெனரேட்டரைக் கவனித்துக்கொள்ளும் டீசல் அண்ணன்.

“டீயில ஆரம்பிச்சுத்தான் எல்லாம் கெட்டுப்போச்சு,” என்றார் ஆய்வாளர், சிரிக்காமல்.

டிஷ்ஷைப் புதுக் கோளை நோக்கித் திருப்பும் வேலையை அவள் முன்பே முடித்திருந்தாள். ஒவ்வொரு கோளும் தனக்கென்று ஒரு அடையாள அலையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதுபோல. கேட்கும் கருவியை அந்த ஒரு அலையில் மட்டும் வைத்து, டிஷ்ஷை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். திரையில் அலையின் பலத்தைக் காட்டும் முள் ஏறியது. உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியது. திரும்ப உச்சிக்குக் கொண்டுவந்து போல்ட்டுகளை முடுக்கினாள். அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். அந்தக் கோளின் வீச்சு நம் பக்கம் ஓரமாகத்தான் விழுகிறது, ஓரத்துச் சோற்றில் குழம்பு குறைவாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் பேசினாள். இருவருக்குமே தாய்மொழி அல்லாத ஆங்கிலம். ஆகவே இருவரும் நிதானமாகவே பேசினார்கள். தயாரா என்றாள் அவள். தயார் என்றாள் இவள்.

முதலில் அனுப்புவது படமும் அல்ல, ஒலியும் அல்ல. வெறும் ஒற்றைச் சுருதி போன்ற ஓர் அலை. அதையும் மிகச் சன்னமாகத் தொடங்கி, அங்கிருந்து ‘ஏற்று’ என்று சொல்லச் சொல்லத்தான் ஏற்ற வேண்டும். தெரியாத வீட்டின் வாசலில் நின்று “வீட்ல யாரு?” என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்ப்பதுபோல.

மெல்லக் கூப்பிட்டாள். கேட்கவில்லை என்றது மறுமுனை. ஒரு படி ஏற்றினாள். லேசாக ஏதோ தெரிகிறது, இன்னும் கொஞ்சம் என்றது. இன்னொரு படி ஏற்றினாள்.

மறுமுனையில் வேறொரு போன் ஒலித்தது. யாரோ அவசரமாக ஏதோ சொல்வது கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல், இந்த முறை நிதானமே இல்லாமல்: நிறுத்து.

அந்தச் சொல் முடிவதற்குள் டிஷ்ஷக்காவின் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. மேசையில் சிவப்பு விளக்கு அணைந்தது.

“என்னாச்சு?” ஆய்வாளர் எழுந்துவிட்டார்.

“பக்கத்துக் கோள்காரங்க அவங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்க சார். நம்ம சத்தம் இவங்களுக்குக் கேக்குறதைவிட அவங்களுக்குத்தான் பலமா கேக்குதாம்.”

“அது இன்னொரு நாட்டுக் கோளாச்சே.”

“ஆமா சார்.”

“மூணு நாட்டுல ஒரே நேரத்துல மணியடிக்க வச்சிட்டீங்க.” அவர் உட்காரவில்லை. “அனுமதியே இதுக்காகத்தான் வச்சிருக்கோம், தெரியுமில்ல?”

 அவள் திரையைப் பார்த்தாள். பிறகு ஏதோ தோன்ற, ஒற்றை அடையாள அலையில் குவித்து வைத்திருந்த கருவியை முழு அலைவரிசைக்கும் அகலமாகத் திறந்தாள். திரை நிறையக் குன்று குன்றாக அலைகள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சானல். எல்லாமே பக்கத்துக் கோளின் சானல்கள்.

“ஐயையோ,” என்றாள். “வீடு மாறி வந்து உக்காந்திருக்கோம் சார்.”

“புரியிற மாதிரி சொல்லுங்க.”

“டிஷ்ஷுக்கு நேர்ப்பார்வை ஒண்ணு, ரெண்டு பக்கமும் கடைக்கண் பார்வை கொஞ்சம் உண்டு. நேரா பாக்குறப்போ முள்ளு நல்லா ஏறும். கடைக்கண்ல பட்டாலும் ஏறும், ஆனா கம்மியா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம். பனிமூட்டத்துல மலையேறுறவன் ஒரு குன்றுமேல நின்னு ரெண்டு பக்கமும் இறங்குதே, இதான் உச்சின்னு நினைச்ச மாதிரி நினைச்சுட்டேன். நம்ம டிஷ் முகத்தைப் பக்கத்து வீட்டுக்குக் காட்டிக்கிட்டு, ஓரக்கண்ணாலதான் நம்ம கோளைப் பாத்துக்கிட்டிருந்திருக்கு. பேசினப்போ வாய் பாத்த பக்கம்தானே போகும்? தப்பு என்னோடதுதான்.”

ஆய்வாளர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒதுக்கிய மணி நேரத்தில் பாதி போயிருந்தது. அவர் நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தப்பே பண்ணாத டிஷ்ஷை நான் இதுவரை பாத்ததில்லை. நிறுத்துன்னு சொன்னதும் நிறுத்துறாங்களான்னு பாக்கத்தான் இந்தச் சோதனை. உங்க விரல் நிறுத்தினதைப் பாத்தேன். நேரம் இருக்கு. திருப்புங்க.”

அவள் கட்டுப்பாட்டு அறைப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னாள். மறுமுனை, எனக்கும் ஒருமுறை நடந்திருக்கிறது, காத்திருக்கிறேன் என்றது.

டீசல் அண்ணன் வெளியே போய் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, டிஷ்ஷைத் திருப்பும் கைப்பிடியைப் பிடித்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் வழியே குரல் கொடுத்தாள்.

“மெல்லண்ணே, மெல்ல!”

“இதுக்கு மேல மெல்லன்னா நான் நின்னுடணும் தாயி!”

முள் இறங்கியது. இருக்கிற கொஞ்சமும் போய்க்கொண்டிருந்தது. திரும்பிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. தெரிந்த குன்றை விட்டு இறங்குவது அவ்வளவு எளிதல்ல. “போங்கண்ணே, நிறுத்தாதீங்க,” என்றாள். முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வானத்தில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது.

பிறகு அசைந்தது. ஏறியது. பழைய உச்சியை எட்டியது, தாண்டியது, நிற்காமல் மேலே போனது. அவள் இந்த டிஷ்ஷில் பார்த்தே இராத உயரத்துக்குப் போய், அங்கே அமைதியாக நின்றது.

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தால் அது மறைக்குமே, அவ்வளவு அகலம்தான் இந்தக் கோளுக்கும் அந்தக் கோளுக்கும் இடையில். அங்கேயே போய் நின்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்த விரலகலத்துக்குள் ஒரு நாட்டைத் தவிர்த்து இன்னொரு நாட்டோடு பேச, இங்கே ஒருவர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஜன்னலருகே வந்து, ஒன்றும் தெரியாத வெறும் நீல வானத்தை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருடம் எத்தனையோ கோள்களுக்கு அனுமதி கொடுத்தவர், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

மறுபடி மெல்லக் கூப்பிட்டாள். இரவு விளக்குக்கு ஆகும் மின்சாரம்கூட ஆகியிருக்காது. கேட்கிறது, தெளிவாகக் கேட்கிறது என்றாள் அந்தப் பெண். ஏற்று. ஏற்றினாள். அந்தப் பெண் பக்கத்துக் கோள்காரர்களிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையாம்.

ஆய்வாளர் தன் அலுவலகத்துக்குப் போன் போட்டார். “சோதனை முடிஞ்சுது. இல்ல, முதல் தடவை தப்பாயிடுச்சு. அதையும் எழுதிக்கோங்க. ரெண்டாவது தடவை சுத்தம். ஆமா, நானே பாத்தேன்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னார்: “பேசலாம்.”

அவள் பாடத்தை ஏற்றினாள். அறையின் திரையில் அறிவியல் டீச்சர் வந்து நின்றார். வணக்கம் சொன்னார். இணைப்பைத் துண்டிக்காமல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் கணவரின் பக்கம் ஒரே அமைதி.  பிறகு போனுக்குள்ளிருந்து அதே டீச்சரின் குரல் வந்தது, இங்கே சொல்லி முடித்த அதே வணக்கம்.

“ஏன் பிந்தி வருது?” என்றார் ஆய்வாளர், கிசுகிசுப்பாக.

“படத்தைச் சுருக்கி விரிக்கிறதுல மெஷினுங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கும் சார். அது போக மிச்சம் இருக்கே, ஒரு கால் நொடி, அது மேல போய்க் கீழ வர்ற தூரம். வெளிச்சம் போற வேகத்துல போயும் அவ்வளவு நேரம் ஆகுது.”

அவர் போனருகே குனிந்தார். டீச்சர் இங்கே ஒரு வாக்கியம் சொல்வார், அது அங்கே பிந்திக் கேட்கும். அந்த இடைவெளியை அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருந்து காத்திருந்து கேட்டார்.

“என்னங்க, தெரியுதா? கலர் சரியா இருக்கா?” என்றாள் அவள்.

“ஷ்,” என்றார் கணவர். “கிளாஸ் நடக்குது. அப்புறம் பேசு.”

டீச்சர் திரையில் திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டார்: நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் உண்டா, பிள்ளைகளே? கேள்வி மேலே போனது, கீழே இறங்கியது. கடைக்கோடித் தீவிலிருந்து, போன் வழியாக, ஒரே குரலில், கூரை அதிர, பதில் வந்தது.

“உண்டூ!”

“போச்சு,” என்றார் கணவர்.

டிஷ்ஷக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரையில் டீச்சர், அதெல்லாம் தெரியாமல், சரியான விடையைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.