இல்லாத இருக்கையில் உட்கார்ந்தவள்

போதகரின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பெரியம்மா நிம்மதியாக இருந்தாள். பெரியம்மா என்றால் என் அம்மாவின் அக்கா இல்லை, என் அறைத்தோழி. யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியா, தலைய ஏன் துவட்டல" என்று கேட்பாள். முதல் வருஷத்திலேயே ஹாஸ்டல் முழுக்க அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் புதன்கிழமை ஆராதனைக்கு வந்தே தீர வேண்டும். வளாகத்துக்குள் இருக்கும் சிற்றாலயமான சேப்பலில் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட இருக்கை உண்டு. அனுமதித்த அளவுக்கு மேல் அது காலியாக இருந்தால் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. கடவுள் எங்கும் இருக்கிறார் என்று பிரசங்கம் செய்வார்கள், நம்மை மட்டும் அந்த ஒரே இடத்தில் இருக்கச் சொல்வார்கள். பால்கனியில் நின்று காலி இருக்கைகளை வரைபடத்தில் கோடு போட்டு அடிப்பது என் வேலை. மாணவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் இதுதான் சொகுசு. எனக்குக் கழுகு என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

பெரியம்மாவின் அப்பாவும் போதகர்தான். கீழே அத்தனை பேர் பாடினாலும் அவள் குரல் மட்டும் பால்கனிவரை தனியாக வந்து சேரும். போன விடுமுறையில் அவள் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். திரும்பி வந்தபிறகு அவள் சேப்பலுக்குள் கால் வைக்கவில்லை. புதன்கிழமைகளில் எல்லோரோடும் கிளம்புவாள், பாதி வழியில் திரும்பித் துணி துவைக்கும் அறைக்குள் போய்விடுவாள். அந்த மெஷின் சத்தத்தில் ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருப்பாள். "அவன் அடக்கத்துல பாடின பாட்டையேதான்டி இங்கயும் பாடுறாங்க" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் இருக்கையை நான் அடிக்கவில்லை. பொய் எழுதவில்லை, எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். அவளிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்பாள்.

போன வாரம்தான் சொதப்பினேன். அவள் இருக்கும் வரிசையில் ஆணிகள் ஆட்டம் கண்டு, வரிசையையே கழற்றித் தச்சர் பட்டறைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வரிசைக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அவர்களை வேறொருவன் கணக்கெடுத்தான். நான் அந்த வரிசை முழுவதையும் அடித்துவிட வேண்டும். அடித்தேன், அவள் இருக்கையை மட்டும் விட்டுவிட்டு. பழகிய கை தானாகத் தாண்டிப் போயிருக்கிறது. வெறும் தரையில், இல்லாத இருக்கையில், அவள் ஒருத்தி மட்டும் ஆராதனை செய்ததாக என் வரைபடம் சொன்னது. இப்படி ஒரு மடத்தனத்தை யார் செய்வார்கள்?

"எதுக்குக் கூப்பிட்டாருன்னு தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"தம்பியப் பத்தி விசாரிக்கத்தான் இருக்கும்," என்றாள். "நான் வராதது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை கேக்கல பாரு. இவ மனசு ஆறட்டும்னு விட்டுட்டாரு. எங்கப்பா கூட அப்படி விடலடி. ஃபோன எடுத்தா மொதக் கேள்வியே ஆராதனைக்குப் போனியான்னுதான்."

நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தேன்.

"அதுலயே என் கோவம் பாதி எறங்கிருச்சு. இன்னைக்கு ஆராதனைக்குப் போலாம்னு இருக்கேன். பாட வராது. சும்மா உக்காந்துட்டு வரேன்."

அப்போதுதான் கவனித்தேன், இஸ்திரி போட்ட வெள்ளை உடை உடுத்தியிருந்தாள். இப்போதே சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

போதகர் கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு வரைபடத்தை என் பக்கம் திருப்பினார்.

"இந்த வரிசையே அன்னைக்கு இல்லையேம்மா. இவ மட்டும் எங்க உக்காந்தா?"

"கை தவறிடுச்சு ஐயா." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சிரித்தார். "சரி, மனுஷங்கதானே. இதை வராததா வெச்சுக்கலாம். ஒரு வாரம்தானே, ஒண்ணும் ஆகாது." பெரியம்மாவைப் பார்த்தார். "நீதான் தவறாம வர்ற பொண்ணாச்சே."

தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த ஒரு மூச்சு நேரம் எவ்வளவு சுகமாக இருந்தது!

"இல்லையே ஐயா," என்றாள் அவள். "தம்பி போனதுலேருந்து நான் வரவே இல்ல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? இதுல நீ எல்லா வாரமும் வந்திருக்கியே."

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று வெளிறியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப்படி அவள் பரீட்சை எழுத முடியாது என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "தம்பி விஷயம் எனக்கு யாரும் சொல்லல. மன்னிச்சுக்கம்மா. இப்படிச் செய்வோம். இன்னைலேருந்து தவறாம வந்து உக்காரு. பழசை நான் பெருசு பண்ணல. நீ பரீட்சை எழுதலாம்."

எனக்கு எழுந்து அவர் காலில் விழலாம் போல இருந்தது. இவள் இன்றைக்கு எப்படியும் போகத்தானே உடுத்தி வந்திருக்கிறாள்!

"இன்னைக்கு நானாவே வர்றதா இருந்தேன் ஐயா," என்றாள். "இப்ப முடியாது."

"ஏம்மா? எப்படி வந்தாலும் ஒண்ணுதானே?"

"உங்களுக்கு ஒண்ணுதான்."

வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆராதனை மணி அடிக்கத் தொடங்கியது, தாழ்வாரம் முழுக்க ஆட்கள் சேப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பைத்தியமாடி நீ? இத்தனை வருஷப் படிப்பு! உள்ள போய் வாய மூடிட்டு உக்காந்தாப் போதும்!" எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

"கத்தாத. உன்னத் திட்டல. நல்லதுதான் நெனச்ச," என்றாள். "யாரோ ஒருத்தர், எல்லாம் தெரிஞ்சே, என்னைப் போட்டுப் படுத்தாம விட்டிருக்காருன்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான்டி நான் இவ்வளவு நாள் தூங்கினேன். பாத்தா யாருக்குமே தெரியல."

"எனக்குத் தெரியுமே! நான்தானே விட்டேன்!"

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"அதை நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி ஹாஸ்டலை நோக்கி நடந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். பின்னால் அறைக் கதவு திறந்தது, போதகர் ஒரு புதிய வரைபடத்தை என் கையில் கொடுத்தார்.

"உன் விஷயத்த அப்புறம் பேசிக்கலாம். அந்த வரிசை திரும்பி வந்தாச்சு, இன்னைக்கு எண்ண வேற ஆள் இல்ல. மேல போம்மா, சரியா அடி."