எரியாத பந்து

என் மச்சினனுக்குக் கை சும்மா இருக்காது. எலுமிச்சை, சோப்பு, முட்டை, எது கிடைத்தாலும் மூன்றாக எடுத்து மேலே எறிந்து மாற்றி மாற்றிப் பிடிப்பான். வேலை தேடச் சொன்னால் மட்டும் அந்தக் கை வலிக்கும்.

இப்போது ஐயாவுக்கு இருட்டில் ஒளிரும் பந்து வேண்டுமாம். கடையில் ஆனை விலை, குதிரை விலை. ஆகவே எங்கள் சாப்பாட்டு மேசை தொழிற்சாலை ஆனது. பால்நிறப் பிளாஸ்டிக் பந்தை பிளேடால் கீறி, உள்ளே எல்.இ.டி. விளக்கும் பேட்டரியும் வைத்து, ஆடாமல் இருக்கப் பஞ்சடைத்து, டேப் ஒட்டினான். விளக்குகள் என் மகளின் ஷூவிலிருந்து வந்தவை. நடந்தால் மின்னும் ஷூ அது. இப்போது குழந்தை நடக்கிறாள், அவ்வளவுதான்.

மேசையில், கம்பியைப் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டுக் கருகிய இடத்தை மனைவியிடம் காட்டினேன்.

"அதுமேல தட்டு வெச்சு சாப்பிடுங்க," என்றாள். தம்பி என்றால் அவளுக்குத் தங்கக் கம்பி.

ஓர் ஓட்டலில் சனிக்கிழமைதோறும் வித்தை காட்ட ஆள் தேடினார்கள். மேலாளருக்குப் பிடித்தால் வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் என் டைல்ஸ் கடையில் உட்காருவதாக அவன் அக்காவிடம் சத்தியம் செய்திருந்தான். வித்தை காட்டப் போன அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு நன்றாகவே இறங்கியது.

ஓட்டல் கூடத்தில் திரைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். மூன்று பந்துகளும் பச்சையாக எழும்பின. அழகுதான், வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று அணைந்தது. உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கும். கடைக்கு ஆள் கிடைத்தாயிற்று என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் எதுவும் கீழே விழவில்லை. இரண்டு வெளிச்சமும் மேலே இருக்கும்போதே, கையில் இன்னொன்று வந்து விழும் சத்தம் கேட்டது. டப். மறுபடி டப். தாளம் தப்பவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பந்தை அந்தப் பயல் இருட்டில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

விளக்கைப் போட்டார்கள். மேலாளர் கொட்டாவியை மென்றார்.

"பாதிக்கு மேல ரெண்டுதானே தெரிஞ்சுது? ரெண்டு பந்துன்னா நானே போடுவேனே."

"சார், மூணாவதும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு!" கத்தியது நான்தான்.

"தெரியலையே," என்றார் அவர், எழுந்துகொண்டே.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டான். "திங்கக்கிழம எத்தன மணிக்கு வரணும், மாமா?"

"கடைப்பக்கம் தலையக் காட்டினே, கால ஒடிச்சிடுவேன்," என்றேன்.