அப்பா கேட்ட துப்பாக்கி உரிமம்

எங்கள் மாவட்டத்தில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துப் போக உரிமம் வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். கோர்ட் கட்டிடத்தின் தரைத்தளத்தில், மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப்பின் அலுவலகத்தில் கடைசி ஜன்னல் என்னுடையது. நகைக்கடைக்காரர், இரவுப் பணிக்குப் போகும் நர்ஸ், திருமண நாளுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று சேர்ந்து வந்து விண்ணப்பித்த கணவன் மனைவி என்று எல்லா வகை ஆட்களையும் பார்த்துவிட்டேன். இனி யார் வந்து நின்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அக்டோபர் காலையில் தலையைத் தூக்காமலே "அடுத்தவங்க வாங்க" என்றேன்.

"காலை வணக்கம், லோரி."

அப்பா நின்றிருந்தார். கோவிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி.

"அப்பா! சொத்து வரி கட்டற ஜன்னல் மாடியில இருக்கு. இங்க எதுக்கு வரிசையில நிக்கறீங்க?"

"வரியெல்லாம் கட்டியாச்சு. எனக்கு அந்த உரிமம் வேணும்."

"எந்த உரிமம்?"

"நீ கொடுக்கறியே, அதுதான்."

பக்கத்து மேசையில் இருந்த துணை ஷெரீப் கர்டிஸ் சிரித்துவிட்டார். "என்ன பெரியவரே, பூசணித் தோட்டத்துல திருடன் புகுந்துட்டானா?"

அப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. நாங்கள் மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். மனிதன்மேல் ஆயுதம் தூக்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபம் மாதிரி. வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த காலத்தில், துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று அதிகாரிகளின் முன்னால் நின்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு வருடம் மனநல மருத்துவமனையில் படுக்கை மாற்றி, நோயாளிகளைக் குளிப்பாட்டியவர் என் அப்பா மெர்லின் க்ரேபர். வீட்டில் மான் வேட்டைக்கு ஒரு துப்பாக்கி உண்டு. அது வேறு. அது இறைச்சிக்கு.

குடும்பத்தாரின் விண்ணப்பத்தை நான் கையாளக் கூடாது. கர்டிஸ் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"காரணம்னு ஒரு இடம் இருக்கு, ஐயா. எல்லாரும் தற்காப்புன்னு போடுவாங்க."

"என்னைக் காப்பாத்திக்க இல்லயே. பொய் எழுதச் சொல்றியா?"

"அப்ப 'மற்றவை'ன்னு போடுங்க."

போட்டார். புகைப்படத்துக்கு நிற்கும்போது "சிரிக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார் கர்டிஸ். அவர் கிளம்பியதும் நான் துரத்திக்கொண்டு போய் வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"என்னப்பா இதெல்லாம்? உடம்பு ஏதாவது சரியில்லையா? யாராவது மிரட்டறாங்களா?"

"சபை விஷயம்மா. வேலையைப் பாரு, போ."

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். அம்மா அர்லீன் சோள சூப்பைக் கிளறிக்கொண்டே, அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார் என்ற எண்ணமே இல்லாமல் பேசினாள்.

"இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் யாருன்னே எனக்குத் தெரியல, லோரி. அந்த இரும்பை இடுப்புல கட்டிக்கிட்டு என் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கோவில்லயும் உக்காரக் கூடாது, சாப்பாட்டு மேசையிலயும் கூடாது."

பிறகு அவள் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. கோடையில் ஷெல்பி என்ற இளம்பெண் கைக்குழந்தை எடைக்கு இளைத்த ஐந்து வயது மகள் ஐவியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு அடைக்கலம் தேடி வந்திருந்தாள். அடித்த கணவனிடமிருந்து ஓடி வந்தவள். பாஸ்டர் வீட்டு மேல்தளத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அவளுடைய கணவன் டிராயின் படமும், நீதிமன்றம் அவனுக்குப் போட்ட தடையும் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தன. தெரியாதது, அவன் சபைக்கு ஃபோன் செய்து, "ஒரு ஞாயித்துக்கிழமை வருவேன், அவளோட சேர்த்து பாடறவங்க வாயையும் மூடுவேன்" என்று சொன்னது. மூப்பர்கள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். நெல்சன் என்ற இளைஞன் எழுந்து, நான் துப்பாக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன் என்றானாம். பாதிப்பேர் கூடாது என்று கத்த, பாதிப்பேர் பேசாமல் இருக்க, கடைசியில் அப்பா கை தூக்கியிருக்கிறார்.

"உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? நெல்சனுக்கு இப்பதான் கல்யாணம் ஆகியிருக்கு. அவன் ஒருத்தனைச் சுட்டான்னா அதைச் சுமந்துக்கிட்டு இன்னும் அரை நூற்றாண்டு நடக்கணும். யாராவது சுமக்கணும்னா நான் சுமக்கறேன், எனக்குத் தூரம் கம்மின்னு சொன்னாராம்." அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒருத்தரும் எதிர்த்துப் பேசலையாம். அதுதான் எனக்குத் தாங்கல."

உரிமம் வந்தது. நவம்பர் முழுவதும் அப்பா பக்கவாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். முன்வாசலை ஆராதனை தொடங்கியதும் பூட்டிவிடுவார்கள். ஐவி மட்டும் இடையிடையே ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெப்பர்மிண்ட் மிட்டாய் கேட்பாள். அப்பா அவளை எப்போதும் இடது பக்கமாகவே உட்கார வைப்பார். வலது பக்கம் கோட்டு சற்றுப் புடைத்திருக்கும்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. வெளியே பனி. நாங்கள் வாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு குரலில் பாடுகிறவர்கள். பாட்டு உச்சத்தில் இருந்தது. பக்கவாசல் திறந்து குளிர் உள்ளே வந்தது. திரும்பிப் பார்த்தேன். உயரமான ஆள், சவரம் செய்யாத முகம், முரட்டுத் துணியில் வேலைக்காரக் கோட்டு. வலது கை பைக்குள் இருந்தது. படத்தில் பார்த்த அதே தாடை, அதே கண். முன்வரிசையில் ஷெல்பி எழுந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"ஷெல்பி..." என்றான் அந்த ஆள். பையிலிருந்து கை வெளியே வரத் தொடங்கியது.

அப்பா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கி இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. 'நில்லு' என்றோ 'கையைத் தூக்கு' என்றோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதுவுமே சொல்லவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சோளக்காட்டில் நடந்த மனிதரின் முகம் அது இல்லை. அந்த முகத்தில் யாரும் இல்லை.

"வேட் பெரியப்பா!"

ஐவி நடுப்பாதையில் ஓடினாள். துப்பாக்கிக்கும் அந்த ஆளுக்கும் நடுவே புகுந்து, அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள். பாட்டு துண்டு துண்டாக நின்றது. அந்த ஆளின் கையிலிருந்து ஏதோ நழுவி விழுந்து பெஞ்சுக்கடியில் உருண்டது. நீல நிறத்தில், மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து. இன்ஹேலர்.

அவன் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐவியின் தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டு, அப்பாவைப் பார்த்துப் பேசினான்.

"நான் டிராய் இல்லைங்க. அவனோட அண்ணன். தம்பியை வெள்ளிக்கிழமையே ஒஹையோவுல பிடிச்சுட்டாங்க. இனிமே பயப்பட வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். பாப்பாவோட மருந்து எங்க வீட்டுல இருந்துச்சு. முன்கதவு பூட்டியிருந்துச்சு..."

அப்பாவின் கைகள் நீட்டியபடியே இருந்தன. அவரால் இறக்க முடியவில்லை. எழுந்து போனது அம்மாதான். அத்தனை வாரமும் அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவள், அடுப்பிலிருந்து சூடான சட்டியை இறக்குவதுபோல், தன் கோட்டின் நுனியால் துப்பாக்கியைப் பிடித்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

நானேதான் என் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். கர்டிஸ் வந்தார். ஞாயிறுப் பள்ளி அறையில் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். கர்டிஸ் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார்.

"பெரியவரே, பாதுகாப்புப் பூட்டு போட்டபடியே இருக்கு. சும்மா மிரட்டத்தான் எடுத்திருக்கீங்க. சுடற எண்ணமே உங்களுக்கு இல்ல."

"இல்ல கர்டிஸ். நான் விசையை இழுத்தேன்."

கர்டிஸ் எழுதுவதை நிறுத்தினார். "எனக்கு அது காதுல விழல, மெர்லின் ஐயா."

"விழலைன்னா இன்னொரு தடவை சொல்றேன். இழுத்தேன். பூட்டு இருக்கறதே மறந்துபோச்சு. விசை அசையலையேன்னு இன்னும் பலமா இழுத்தேன். அப்பதான் பிள்ளை நடுவுல வந்துச்சு."

நான் குறுக்கிட்டேன். "அவ வந்தப்ப விட்டுட்டீங்க, இல்லப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். "தெரியல லோரி. விரல் அங்கேயேதான் இருந்துச்சு. எவ்வளவோ யோசிச்சு வச்சிருந்தேன். முதல்ல பேசிப் பாக்கணும், கெஞ்சணும், குறுக்க போய் நிக்கணும், கடைசியாத்தான் இதுன்னு. ஒண்ணுகூட ஞாபகம் வரல. மான் தலையைத் தூக்கினா கை எப்படிப் போகுமோ அப்படிப் போச்சு. என்னைக் கேக்கவே இல்ல."

மேலே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கர்டிஸ் துப்பாக்கியை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

வேட் புகார் கொடுக்கவில்லை. அரசு வழக்கறிஞர் வழக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். உரிமம் ரத்தானது. ஷெல்பியும் ஐவியும் வேட்டின் வீட்டுக்குக் குடிபோனார்கள். ஆனால் சபையில் கதை வேறு மாதிரி வளர ஆரம்பித்தது. மகனைப் பலியிடப் போன ஆபிரகாமின் கையைத் தடுத்ததுபோலக் கடவுள் மெர்லினின் கையைத் தடுத்தார் என்றார்கள். பிள்ளையைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் எப்படி விரலை எடுத்துக்கொண்டார் பாருங்கள் என்று, அன்றைக்கு வராதவர்கள்கூடச் சாட்சி சொன்னார்கள். ஒருத்தி அப்பாவுக்குச் சர்க்கரைப்பாகுப் பணியாரம் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா அதைத் தொடவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மதியம் "வண்டியை எடு லோரி, வேட் வீட்டுக்குப் போகணும்" என்றார்.

"மன்னிப்புக் கேக்கவாப்பா?"

"அதுக்கும்தான்."

வேட் வலைக்கதவைத் திறக்காமலே நின்றார். உள்ளே தொலைக்காட்சியில் பொம்மைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. ஐவி எட்டிப் பார்த்தாள். அப்பாவைக் கண்டதும் சட்டென்று சோபாவுக்குப் பின்னால் போய்விட்டாள். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, அன்னைக்கு நான் கையை நிறுத்தினேன்னு எல்லாரும் சொல்றாங்க. உன் காதுக்கும் வந்திருக்கும்."

"ஆமா. அதை நினைச்சுத்தான் கொஞ்சம் தூங்கறேன்."

"நான் நிறுத்தல. உன் நெஞ்சைக் குறி பார்த்து இழுத்தேன். ரெண்டு தடவை. பூட்டு விடலை, அவ்வளவுதான்."

வேட்டின் முகம் வெளிறுவதை நான் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை ஏன்யா என்கிட்ட வந்து சொல்றீங்க? தெரியாமலே இருந்திருப்பேனே!"

"உன் உசுரு, தம்பி. உனக்குப் பொய் சொல்லி வச்சுக்கிட்டு நான் நல்லவன்னு பேர் வாங்க முடியல."

"போங்க பெரியவரே. தயவுசெஞ்சு போங்க."

உள்கதவையும் சாத்திக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பப் போனபோது, கோட்டுகூடப் போடாமல் பனியில் நடந்து வந்து வேட் கண்ணாடியைத் தட்டினார். அப்பா இறக்கினார்.

"ஷெல்பிக்கு உங்க சபைக்குத் திரும்ப வரணும்னு ஆசை. இது தெரிஞ்சா வர மாட்டா. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேனே."

வேட் நம்ப முடியாமல் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ஏதோ நான் தடுப்பேன் என்பதுபோல். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

"அப்ப நானும் அங்க இருக்கணும்," என்றார் வேட். "ஷெல்பிகிட்ட நானே முதல்ல சொல்லிடறேன்."

அந்த ஞாயிறு அப்பா முன்னால் போய் நின்று, எங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னார். கூட்டவோ குறைக்கவோ இல்லை. வேட் பின்சுவரில் கை கட்டிச் சாய்ந்து நின்றார். நெல்சன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பணியாரம் கொண்டுவந்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அப்பா திரும்பித் தன் பழைய இடத்துக்குப் போனார்; அடுத்த பாட்டை யார் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அம்மா எழுந்து, அப்பா அமர்ந்திருந்த கடைசி பெஞ்சுக்குப் போய் அவர் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதன்பின் மூப்பர்கள் கூடி, சபைக்குள் ஆயுதம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு விலகின. வேட் அன்று யாரிடமும் கை குலுக்காமல் போனார். மறு வாரம் ஷெல்பியையும் ஐவியையும் அவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கவில்லை. ஆராதனை முடியும்வரை என்ஜினை ஓடவிட்டபடி வெளியிலேயே உட்கார்ந்திருந்தார்.