வெளுத்த சாம்பல்

அக்கா மருந்தறையை என்னிடம் தனியாக விட்டுப் போனது அன்றுதான் முதல் முறை. சாம்பல் வெள்ளையாகும் வரை சட்டியை உலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் முறை கொஞ்சம் சுற்றிவளைத்தது. மூலிகையைக் காய்ச்சி வடித்துச் சாரத்தைக் குப்பியில் பிடிப்போம். மிஞ்சிய சக்கையை எரித்து, அந்தச் சாம்பலின் உப்பை மறுபடி சாரத்தோடு சேர்ப்போம். சாரம் உயிராம், உப்பு உடம்பாம். ஒரு செடியின் உயிரை இன்னொன்றின் உடம்பில் ஏற்றக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

உலையில் இரண்டு சட்டிகள். ஒன்றில் புதினாச் சக்கை, மற்றதில் சீமைச்சாமந்திச் சக்கை. சாமந்தி, தூக்கம் வருவதற்காக, அக்காவின் கணவருக்கு. அத்தான் ஒன்பது நாளாகக் கண்ணை மூடவில்லை. முந்தின நாள் அசதியில் வண்டியோடு சுவரில் மோத இருந்தார். இந்த வருடம் கிடைத்த பூ முழுவதும் அந்தச் சட்டியில்தான், வேறு இல்லை.

மூன்று மணிக்கு உலையைத் திறந்தேன். இரண்டு சட்டியிலும் சாம்பல் பாலாக வெளுத்திருந்தது. பெருமையோடு சட்டிகளில் நான் எழுதிய பெயர்களைத் தேடினேன். மை எரிந்து போயிருந்தது. அக்கா எப்போதும் ஆணியால்தான் கீறுவாள்.

முகர்ந்தேன். ஆறியதும் நாக்கில் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி கரித்தன. இடது பக்கம் வைத்ததுதான் சாமந்தி என்று தோன்றியது. நடுவில் சட்டிகளை இடம் மாற்றியது நினைவுக்கு வந்ததும் அதுவும் போயிற்று. ஜன்னலுக்கும் உலைக்குமாக நடந்தேன்.

அக்கா அத்தானையும் கூட்டிக்கொண்டே வந்தாள். தன் தலையெழுத்து இன்று மச்சினி கையில் என்று சொல்லி, அவர் உலையோர நாற்காலியில் சாய்ந்தார்.

அக்கா சட்டிகளைப் பார்த்தாள். "இதுல எதுடி சாமந்தி?"

"தெரியலக்கா. பேனாவால எழுதிட்டேன்."

"உலைக்குள்ள போற சட்டியில பேனா. பக்கத்துல ஒரு பூவும் வரைஞ்சிருப்பியே?"

வரைந்திருந்தேன்.

ஏதோ ஒரு சாம்பலைச் சாரத்தில் சேர்த்துக் கொடுத்துவிடலாம், அத்தானுக்குத் தெரியவா போகிறது என்றேன். அவருக்குத் தெரியாது, தனக்குத் தெரியுமே என்றாள். ஆளுக்கொரு சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அத்தானிடமிருந்து ஒரு கேலியும் வரவில்லை என்பது உறைத்தது.

உலைச் சூட்டில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள். சட்டியைக் கீழே வைத்தால் சத்தம் வரும். அப்படியே ஏந்திக்கொண்டு நின்றோம். உலை தணியத் தொடங்கியிருந்தது. சூடு போனால் விழித்துவிடுவார்; கரிக்கூடையோ அவர் காலுக்கடியில் இருந்தது.