பத்தடி பின்னால் ரஷீதா

1.

இந்தக் கதை ஒரு தவறான சந்தேகத்தில் பிறந்தது. 1984இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பம்பாய் மாட்டுங்காவில், ஐந்து தோட்டங்கள் சேர்ந்த ஃபைவ் கார்டனில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாலிபன் தமிழில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்துபோனான். பாவம், கழன்ற கேஸ் என்று நினைத்தேன். பத்தடி தள்ளி வந்த பெண் அவனுக்குப் பதில் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாலை வெயில் இலைகளுக்கு இடையே பொன்னாக...

(அடித்துவிட்டேன். பொன் வெயிலைப் பார்க்க இந்தக் கதையில் யாருக்கும் நேரமில்லை.)

முகைதீனுக்கும் ரஷீதாவுக்கும் நிக்காஹ் முடிந்து எட்டு மாதம். வீடு தாராவியில் ஒரே அறை. அதில் ஏழு பேர். உம்மா மதீனா பீவி முன்னால் மகன் பெண்டாட்டியோடு பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. சோறு வை என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வான். ஆகவே ஞாயிறுதோறும் அவள் மார்க்கெட்டுக்கு என்று கிளம்புவாள். அவன் சிநேகிதனைப் பார்க்க என்று கிளம்புவான். கல்யாணத்துக்குப் பிறகு இப்படித் தோட்டத்துக்கு வந்து காதலித்தார்கள்.

அங்கேயும் அவன் முன்னால், அவள் பத்தடி பின்னால். தெரிந்தவர் கண்ணில் பட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம் அல்லவா. அவன் திரும்பாமல் பேசுவான், அவள் அவன் முதுகுக்குப் பதில் சொல்வாள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: பெஞ்சில் ஒட்டி உட்காரும் ஜோடிகளை வாட்ச்மேன் "சலோ, உட்டோ" என்று விரட்டுவான். இவர்களை ஒருநாளும் விரட்டியதில்லை. ஜோடி என்று தெரிந்தால்தானே.)

3.

அந்த ஞாயிறு வேறு மாதிரி. முகைதீன் தோல் பை தைக்கும் பட்டறையில் கூட வேலை செய்யும் இனாயத்துல்லா சவூதிக்குப் போகிறான். டோம்பிவிலியில் அவன் இருந்த அறை காலியாகிறது. மறுநாள் காலைக்குள் சொன்னால் முகைதீனுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. உம்மாவை விட்டுப் போவது சின்ன விஷயமில்லை. ரஷீதா சரி என்றால் உம்மாவிடம் பேசத் துணிவான். தயங்கினால் பேச்சை அத்தோடு விட்டுவிடுவான். வாரம் முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான். இரண்டாவது தோட்டத்து வளைவில் ஆரம்பித்தான்.

"ஏளா, ஒண்ணு சொல்லுதேன், குறுக்கப் பேசாம கேளு. டோம்பிவிலில ஒரு ரூம் வருது. நாம ரெண்டு பேரும் போயிருவமா? உம்மா அழுவா, தெரியும். ஆனா எனக்கு உங்கூடப் பேசணும்ளா. தினம் பேசணும். ஞாயித்துக்கெழமை மட்டும் பத்த மாட்டேங்கு. உன்னக் கட்டும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நீ இல்லன்னா எனக்கு முடியாது."

குறுக்கே பேசாதே என்றதால்தான் அவள் பேசவில்லை என்று எண்ணி, அரைச் சுற்று பேசிக்கொண்டே போனான். பின்னால் காலடி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆண் தொண்டை.

"தப்பா நினைச்சுக்காதேப்பா. டாக்டர் என்னை மெதுவா நடக்கச் சொல்லியிருக்கார், உன்னைத் தாண்டிப் போக முடியலை. நீ சொன்னதெல்லாம் எங்கிட்டதான் சொல்லியிருக்கே. அந்தப் பொண்ணு அங்கே அறுந்த செருப்போட உக்காந்திருக்கா."

இவர் சுப்ரமணியன், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். (தமிழ் தெரிந்த ஆள் சரியாக அங்கே வந்தது எப்படி என்று நானே இவரைச் சந்தேகப்பட்டேன். பிறகு இது மாட்டுங்கா என்பது நினைவுக்கு வந்தது. அங்கே தமிழ் தெரியாத ஆள் பின்னால் வந்திருந்தால்தான் நான் விளக்கம் சொல்ல வேண்டும்.)

4.

இனி முடிவு. முதலில் எழுதியதில் சுப்ரமணியனே போய் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார். நல்ல சிரிப்பு. கிழித்துப் போட்டேன். ஒருவன் வாரமெல்லாம் சேர்த்து வைத்த பேச்சை இன்னொருவர் வாயில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்ததில் முகைதீன், "நேரமாச்சு, போலாம்" என்று மட்டும் சொல்கிறான். அறை வேறு ஆளுக்குப் போகிறது. நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது, அவனைக்

(விட்டுவிடுகிறேன் இந்த வாக்கியத்தை.)

5.

முகைதீன் திரும்பி நடந்தான். ரஷீதா ஓரக் கட்டையில் உட்கார்ந்து செருப்பு வாருக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். முதல் முறையாக அந்தத் தோட்டத்தில் அவள் முகத்துக்கு எதிரே நின்றான். காது சுட்டது. எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். பாதி மறந்துபோயிருந்தது; தினம் பேசணும் என்பது மட்டும் இரண்டு தடவை வந்தது.

"இம்புட்டையும் அந்தப் பெரியவர்ட்டயா சொன்னீங்க?"

"தெரியாமத்தான்."

சிரிப்பை முக்காட்டுக்குள் அடக்கினாள். அப்புறம் ஊக்கை அழுத்திப் பூட்டிவிட்டு எழுந்தாள்.

"நீங்க முன்னால நடங்க. மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்குப் பதில் சொல்ல வராது."

நடந்தான். ஒருமுறை அவளைத் தொலைத்தவன் ஆயிற்றே, நாலடிக்கு ஒருதரம் கேட்டான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"இருக்கியாளா?"

"இருக்கேன், நடங்க."

குரல் பத்தடி தள்ளி வரவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. டோம்பிவிலிக்கான பதிலை அதற்குப் பிறகுதான் சொன்னாள். பெஞ்சில் இருந்த எனக்கு அது எட்டவில்லை. எழுந்து போயிருந்தால் கேட்டிருக்கும். வேண்டுமானால் நீங்கள் அவர்கள் பின்னால் போய்க் கேளுங்கள். நான் போக மாட்டேன், அது அவனுக்குச் சொன்ன பதில்.