பஸ்ஸின் முதல் படி

பொன்னம்மை நீட்டிய தாளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டிருந்தது. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கென்று கிளினிக்கில் அச்சடித்து வைத்திருக்கும் தாள் அது. வரிசையாகப் பன்னிரண்டு பயிற்சிகள், பக்கத்திலேயே ஏழு நாளைக்கும் கட்டங்கள். அனுஷா தாளைப் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு புதன்கிழமை. நீங்க சனிக்கிழமை வரைக்கும் செஞ்சு முடிச்சிருக்கீங்க."

பொன்னம்மை அசரவில்லை. "பேனா கையில இருந்துது மக்ளே. அப்படியே போட்டு முடிச்சிட்டேன்."

கடிந்துகொள்ள வாயைத் திறந்த அனுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரமனையில் இந்த பிசியோதெரபி கிளினிக்கில் அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. பொய் டிக் புதிதல்ல. ஆனால் மாட்டிக்கொண்டபின் இவ்வளவு நிதானமாக உட்கார்ந்திருந்தவர் இந்த அம்மாதான்.

பொன்னம்மைக்கு அறுபத்தொரு வயது. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலில் அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தையல் நன்றாக ஆறிவிட்டது, கால் மடங்குகிறது, ஆனால் தொடையில் பலமே ஏறவில்லை. மகன் கிரீஷ் வாரம் இரண்டு தடவை காரில் கொண்டுவந்து விடுவான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருவார்.

அனுஷா தாளை மடித்து ஓரமாக வைத்தாள். "சரி, இதை விடுங்க. இந்தக் கால் சரியானா முதல்ல என்ன செய்யணும்னு இருக்கீங்க?"

பொன்னம்மை அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மாட்னிக்குப் போணும். பஸ்ஸில."

நாற்காலியில் இருந்த கிரீஷ் போனிலிருந்து தலையை எடுத்தான். "கார்ல கொண்டு விடுறேன்னு ஆயிரம் தடவை சொல்லியாச்சு டாக்டர். பஸ்தான் வேணுமாம்."

"நீ கொண்டு விட்டா படம் முடியிறதுக்குள்ள நாலு தடவை போன் பண்ணுவ," என்றார் பொன்னம்மை. பிறகு அனுஷாவிடம் திரும்பினார். "நான் கரமனையில கேறுவேன். சாவித்ரி கிள்ளிப்பாலத்துல கேறுவா. எங்க ஆபீஸ்ல கூட இருந்தவ. கிழக்கேகோட்டை போய்ச் சேருறதுக்குள்ள ஒரு வாரத்துக் கதையெல்லாம் பேசித் தீத்துருவோம். பத்து வருஷமா இதுதான் கேட்டியா. படம் மோசமா இருந்தாலும் சாரமில்ல, போயிருவோம்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அனுஷா கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் போனாள். கரமனை வழியாகப் போகும் பஸ் ஒன்று ஆளில்லாமல் நின்றிருந்தது. கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துப் படியருகே குனிந்தாள்.

"எந்தா மோளே, பஸ் வாங்கான் போகுன்னோ?" என்று மலையாளத்தில் ஒரு குரல். கையில் டீ கிளாஸோடு கண்டக்டர் நின்றிருந்தார். சட்டையில் யூசுப் என்று பெயர் குத்தியிருந்தது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். யூசுப் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தரையிலிருந்து முதல் படி நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கிளினிக்கில் இருந்த மரப்படியின் உயரம் இருபது. அதில் ஏறி இறங்கினால் குணமாகிவிட்டதென்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுதடவை பொன்னம்மை வந்தபோது பன்னிரண்டு பயிற்சி மூன்றாகிவிட்டது. வீட்டில் சீரியலுக்கு நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம் கைப்பிடியைத் தொடாமல் சோபாவிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவது, படி. மரப்படிமேல் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, உயரத்தை வாரத்துக்கு வாரம் கூட்டினாள். ஏறும்போது நல்ல காலான இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். இது எல்லோருக்கும் சொல்வதுதான்.

ஐந்து வாரம் போனது. பொன்னம்மை இடது காலை வைத்து நாற்பது சென்டிமீட்டர் ஏறினார். அனுஷாவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் கரமனை ஸ்டாப்பில் போய் நின்றார்கள்.

பஸ் ஓரமாக வராமல் நடுரோட்டிலேயே நின்றது. நாலைந்து பெண்கள் ஓடினார்கள். பொன்னம்மையும் வேகமாகப் போய்க் கம்பியைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் வலது காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டார். அவ்வளவுதான். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், "ஒந்நு கேறு சேச்சி" என்று ஏறச் சொல்லி அவசரப்படுத்தினாள். உள்ளேயிருந்து யாரோ கையை நீட்டினார்கள். அனுஷா இடுப்பைப் பிடித்து அவரைக் கீழே இறக்கினாள். பஸ் போய்விட்டது.

பொன்னம்மையின் முகம் சிவந்திருந்தது. இருவரும் அவர் வீட்டுக்கு நடந்தார்கள்.

"நீ எத்தன தடவை சொல்லித் தந்த," என்றார் பாதி வழியில். "இடது காலுன்னு எனக்குத் தெரியும் மக்ளே. ஆனா அவசரத்துல வலது காலு தானா போச்சு. வீடு கேறினாலும் கோயில் கேறினாலும் வலது காலுதானே. நடக்கப் பழகின நாள்லேருந்து அப்படித்தான்."

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அனுஷா இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் யாரும் தள்ளுவதில்லை, யாரும் பெல் அடிப்பதில்லை. யோசிக்க நேரம் இருக்கிறது, அதனால் இடது கால் போகிறது. ரோட்டில் யோசிக்க நேரமில்லை. அறுபது வருஷப் பழக்கத்தோடு சண்டை போட்டு ஜெயிப்பதைவிட, அந்த வலது காலையே ஏறவைத்துவிட்டால் என்ன?

திங்கட்கிழமை அவள் பலகைகளை எடுத்துவிட்டாள். பத்து சென்டிமீட்டரிலிருந்து மறுபடியும் ஆரம்பம், இந்தத் தடவை வலது கால். "தொடையை இறுக்குங்க" என்று சொன்னால் பொன்னம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கினார். "முட்டி உள்ளே சாயாம பாத்துக்குங்க" என்றால் கீழே குனிந்து முட்டியையே பார்த்துக்கொண்டு தடுமாறினார். அனுஷா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "காலை மறந்துருங்க அம்மா. மேலே ஏறணும்னே நினைக்காதீங்க. படியை மிதிச்சுத் தரைக்குள்ள தள்ளுங்க," என்றாள்.

பொன்னம்மை படியை மிதித்தார். உடம்பு அலுங்காமல் மேலே போய் நின்றது. தோள் தூக்கவில்லை, முட்டி சாயவில்லை.

"இது கொள்ளாமே, நல்லாருக்கு," என்றார். "முன்னமே சொல்லப்பிடாதா?"

"இப்பதான் எனக்கே தெரிஞ்சுது," என்றாள் அனுஷா. உண்மையும் அதுதான்.

அடுத்த ஏழு வாரமும் அந்த ஒரு காலுக்கு அவள் விதவிதமாக வேலை வைத்தாள். கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். அனுஷா கையைத் தட்டியதும் ஏற வேண்டும். பேசிக்கொண்டே ஏற வேண்டும். இது பொன்னம்மைக்குப் பிடித்திருந்தது. முப்பது சென்டிமீட்டர் வந்ததும், அன்று நம்பர் வாங்கி வைத்திருந்த கண்டக்டர் யூசுப்புக்கு அனுஷா போன் செய்தாள். டிரிப் முடிந்து பஸ் கிழக்கேகோட்டையில் சும்மா நிற்கும் நேரத்தில் வரச் சொன்னார். "பத்து மினிட்டு உண்டு அம்மே, பதுக்கே மதி," என்று அவசரப்படுத்தாமல் கதவருகே நின்றுகொண்டார்.

முதல் நாள் பொன்னம்மை கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத்தான் ஏறினார். மூன்றாவது நாள் ஒரு கை போதுமாக இருந்தது. சீக்கிரமே வந்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் எண்ணத் தொடங்கினார்கள். எட்டாவது தடவை ஏறியபோது யாரோ கைதட்டினார்கள். பொன்னம்மை அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒன்பதாவது தடவைக்காக இறங்கினார்.

அந்த வார வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. பொன்னம்மை பச்சைப் புடவை கட்டியிருந்தார். கிரீஷ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காரில் இருந்தான். வரக்கூடாதென்று சொல்லியும் வந்திருந்தான். அனுஷா அரைநாள் லீவு போட்டிருந்தாள். கூடவே ஏறிப்போய் பக்கத்தில் நிற்பதாகத் திட்டம்.

பஸ் வந்தது. இந்தத் தடவையும் நடுரோட்டில்தான் நின்றது. கூட்டம் ஓடியது. பொன்னம்மை ஓடவில்லை. இரண்டு பேர் ஏறட்டுமென்று விட்டார், கம்பியைப் பிடித்தார், வலது காலை வைத்து மிதித்தார். அடுத்த நொடி பச்சைப் புடவை படிகளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அனுஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். டிங் டிங் என்று பெல் அடித்தது. கதவு மூடியது, பஸ் நகர்ந்தது.

அனுஷா ஸ்டாப்பில் தனியாக நின்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிரீஷ் காரிலிருந்து இறங்கி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது போலத் தெரிந்தது.

போன் அடித்தது.

"நீ எங்க மக்ளே? உனக்கு சீட்டு பிடிச்சு வச்சிருக்கேன்."

"நான் ஏறலம்மா. ஸ்டாப்லயே நிக்கேன்."

பொன்னம்மை சிரிப்பது கேட்டது. கிள்ளிப்பாலத்தில் பஸ் நிற்பதும், "அய்யோ, நீ எப்படி கேறின?" என்று சாவித்ரி கேட்பதும் போனிலேயே கேட்டது. அதன்பின் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போனைக் கட் செய்ய பொன்னம்மைக்கு ஞாபகமே இல்லை. நாத்தனார் வீட்டுக் கல்யாணம், யாரோ ஒருத்தியின் சர்க்கரை, இந்தப் படத்தின் கதாநாயகனுக்கு ஏறிவிட்ட வயசு என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது.

அனுஷா போனைக் காதில் வைத்தபடியே அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.